புளி போட்டு மினுக்கிய தோட்டா

1

இந்தக் கதை எனக்கு ஆக்லாந்தின் த்ரீ கிங்ஸ் கடைத்தொகுதியின் கார் நிறுத்துமிடத்தில் கிடைத்தது. சொன்னவர் சற்குணம். ஒரு கையில் பால் போத்தல், மறு கையில் என் சட்டைக் கை. "ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது, எழுதவே கூடாது" என்று சத்தியம் வாங்கினார். செய்தேன். ஓய்வுபெற்றவனின் சத்தியத்துக்கு ஆயுள், வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி வைக்கும் வரைதான். கேத்தில் கொதிக்குமுன் முதல் வரியை எழுதிவிட்டேன்.

பெயர்களை மாற்றியிருக்கிறேன். (மாற்றவில்லை. மாற்றினால், வரும் வெள்ளிக்கிழமை எங்கள் முதியோர் ஒன்றுகூடலில் இதை வாசிக்கும்போது யாரைப் பற்றியது என்று எவருக்கும் விளங்காது. பிறகு எழுதி என்ன பயன்?)

2

தொடக்கம், முதல் முயற்சி: "துப்பாக்கி வெடித்தது." விறுவிறுப்பான வரி. ஆனால் பொய். வெடிக்கவில்லை என்பதுதான் கதையே.

இரண்டாம் முயற்சி: "அன்று ஆக்லாந்தின் வானம் ஒரே பகலில் நான்கு பருவங்களையும்" — வேண்டாம். இந்த ஊரைப் பற்றி எழுதுகிற எல்லோரும் வானத்தில்தான் தொடங்குகிறார்கள். வானம் களைத்துப்போய்விட்டது.

மூன்றாவது: செல்வநாயகி விசையை இழுத்தாள். டிக்.

இது நிற்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை. மனுரேவாவையும் தாண்டித் தெற்கே, பைன் மரங்களுக்கு நடுவே ஒரு சுடுகழகம். ரிவோல்வரை இரண்டு கையாலும் பிடித்தபடி செல்வநாயகி. அவளுக்குப் பின்னால், காதுமூடி மாட்டிய கணவர் சற்குணம். வெடிக்காத தோட்டாவை உடனே வெளியே எடுக்கக் கூடாது. பிந்தி வெடித்தாலும் வெடிக்கும். முனை இலக்கையே பார்த்தபடி காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில் சற்குணத்தின் நெஞ்சு அடித்த அடி ரங்கிட்டோட்டோத் தீவு வரை கேட்டது. (சற்றுக் கூட்டிவிட்டேன். தீவுக்கு இக்கரையில் உள்ள மிஷன் பே வரைதான்.)

அடுத்த தோட்டா வெடித்தது. அதற்கடுத்தது மறுபடி டிக்.

"என்னப்பா இது? நீங்கள் கட்டின வெடியோ, மழைக்க விட்ட சீனவெடியோ?"

தோட்டாக்களைச் செய்வது சற்குணம்தான். சுட்டு முடிந்த பித்தளைக் கோதுகளைப் பொறுக்கி, கழுவி, அடியில் உள்ள குழியில் பிரைமர் என்ற குட்டி வெடிமூடியைப் பதித்து, மருந்து அளந்து போட்டு, மேலே குண்டை வைத்து இறுக்குவார். சுடுவது அவள். துவக்கின் சுத்தியல் அந்தப் பிரைமரின் நடுவில் ஓங்கித் தட்டினால் 'டும்'. தட்டு போதாவிட்டால் 'டிக்'. வெடிக்காமல் போனதன் அடியைச் சற்குணம் திருப்பிப் பார்த்தார். நுளம்பு கடித்த அளவுக்கு ஒரு பள்ளம்.

"அடுத்த ஞாயிறும் இப்பிடியெண்டா துவக்கை வித்துப்போடுவம்" என்றாள் செல்வநாயகி. "லைசன்சையும் திருப்பிக் குடுப்பம். வயசும் போட்டுது."

3

இங்கே ஒரு வாசகர் கையை உயர்த்துகிறார். ஊரில் போரின் வெடிச்சத்தத்துக்குப் பயந்து ஓடிவந்த சனம் இங்கே வந்து எதற்காகத் துவக்குத் தூக்க வேண்டும்? நியாயமான கேள்வி. இதற்காகவே செல்வநாயகியைக் கதையிலிருந்து நீக்கி, அவள் இடத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவரை வைத்துப் பார்த்தேன். அவர் வந்தார், சுட்டார், பியர் குடித்தார், போய்விட்டார். கதையும் அவரோடு போய்விட்டது.

செல்வநாயகியிடமே ஒருமுறை கேட்டேன். "அண்ணை, அங்க சத்தம் தன்ர பாட்டில வந்தது. இஞ்ச நான் சொன்னாத்தான் வருது" என்றாள். அவ்வளவுதான். இப்போது அது அவள் சொல்லியும் வரவில்லை.

சற்குணத்தின் கவலை வேறு. அது கார்.

தொண்ணூறுகளில் அவர் ஒடாஹுஹுவில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அப்போது ஆக்லாந்தில் இருந்த தமிழர் எல்லோரையும் ஒரே வான் வண்டியில் ஏற்றிவிடலாம். ஏற்றிய பிறகும் வெங்காய மூட்டைக்கு இடமிருக்கும். கூட வேலை செய்த ஃபிஜிக்காரன் ஜக்தீஷ் ஒரு ஞாயிறு அவரைக் கழகத்துக்கு அழைத்துப்போனான். செல்வநாயகி சாப்பாட்டுப் பெட்டியோடு சும்மா கூட வந்தாள். "அக்காவும் ஒன்று சுடட்டுமே" என்றான் ஜக்தீஷ்.* சுட்டாள். நடுப்புள்ளி பறந்தது. ஜக்தீஷின் வாயிலிருந்த முட்டைப் பாணும் பறந்தது.

(* ஜக்தீஷுக்குத் தமிழ் தெரியாது. அவனுடைய கொள்ளுத்தாத்தா கப்பலேறியபோது கொண்டுபோன தமிழ் கரும்புத் தோட்டத்தில் எங்கோ தொலைந்துவிட்டது. கதைக்குள் நான் அதை அவனுக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். நன்றி சொல்லத் தேவையில்லை.)

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் பயணம். கிழமை நாட்களில் செல்வநாயகி பிள்ளைகளோடு போனில் கதைப்பாள். சற்குணத்தோடு "சாப்பிட்டாச்சோ" என்பதோடு சரி. ஆனால் ஞாயிறு, கார் மோட்டர்வேயில் ஏறியதும் அவள் திறந்துகொள்வாள். ஒடாஹுஹு வந்ததும் "அந்த நாளையில…" என்று தொடங்கும். கதவைக் கயிற்றால் கட்டி ஓடிய முதல் கார். ஹீட்டர் இல்லாத வாடகை வீட்டில் இரண்டு பேரும் ஒரே சாறத்தைப் போர்த்துக் குந்தியிருந்த மாரிக் குளிர். டெயரி என்ற மூலைக்கடையில் தேங்காய்ப்பால் டின்னைக் கண்டதும் அவள் அழுதது, கடைக்காரப் பெண் பயந்து பொலிசைக் கூப்பிடப் போனது. எல்லாம் அவருக்குப் பாடம். வேண்டிய இடங்களில் "ஓம்" போட்டபடி ஓட்டுவார். அந்த "ஓம்"களுக்காகத்தான் அவர் கிழமை முழுக்கக் கராஜில் தோட்டா கட்டுகிறார்.

துவக்கை விற்றால் ஞாயிற்றுக்கிழமை அந்தக் கார் எங்கே போகும்?

4

குற்றவாளி யார்? துவக்கா, தோட்டாவா? ஜக்தீஷ் அன்றே சோதித்துப் பார்த்தான். கடையில் வாங்கிய தோட்டாக்களை அதே துவக்கில் போட்டுச் சுட்டான். எல்லாம் வெடித்தன. சற்குணத்தின் 'டிக்'குகளை மறுபடி சுட்டான். இரண்டாம் தட்டில் அவையும் வெடித்தன.

"உன் பிரைமர் குழியின் அடிவரை போய் உட்காரவில்லை" என்றான். "முதல் தட்டு அதை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிறது. இரண்டாவதுதான் வெடிக்க வைக்கிறது."

சற்குணம் தன் பெருவிரலைப் பார்த்தார். பிரைமரை அழுத்திப் பதிப்பது அதுதான். விரலும் கிழடு தட்டிப் போச்சோ? வீட்டுக்கு வந்து ஒவ்வொரு தோட்டாவின் அடியையும் விரலால் தடவினார். சில, மயிரளவு எழும்பி நின்றன. இந்த இடத்தில் அவர் ஜன்னலோரம் நின்று நீண்ட நேரம் — இல்லை, நிற்கவில்லை. பிரைமர் வைக்காத ஒரு கோதை எடுத்துக் கண்ணாடி போட்டுக் குழிக்குள் பார்த்தார். மண்ணிறத்தில் ஒரு நார்.

புளி!

கோது துலக்கும் மெஷின் போன மாரியில் பழுதாகிவிட்டது. கோவிலில் குத்துவிளக்கு மினுக்கிப் பெயரெடுத்த மனிதர் அல்லவா? பழப்புளியைக் கரைத்துக் கோதுகளைத் தேய்த்தார். பவுன் மாதிரி மின்னின. கழகமே வாயைப் பிளந்தது. பார்த்தவர்கள் கறுப்புக்கண்ணாடி மாட்டிக்கொண்டார்கள். ஆனால் விளக்கில் கழுவினால் போகிற புளிச்சக்கை, பிரைமர்க் குழிக்குள் போய்க் காய்ந்து கல்லாகிவிட்டது.

சற்குணம் கராஜில் தனியே நின்று சிரித்தார். பெருவிரல் இல்லை! குழிகளைச் சுரண்டித் துடைத்துப் புதிதாகத் தோட்டா கட்டினார்.

கதை இங்கேயே முடிந்திருக்கலாம். தலைப்பும் பொருந்துகிறது. என் மனைவி இந்த இடத்தில்தான் முடிக்கச் சொன்னாள்.

5

(வெள்ளிக்கிழமை இந்தப் பகுதியை வாசிப்பேனோ தெரியாது.)

புதன்கிழமை, செல்வநாயகிக்குச் சொல்லாமல், சற்குணமும் ஜக்தீஷும் புதுத் தோட்டாக்களைச் சோதிக்கப் போனார்கள். டும். டும். டும். டிக்.

இந்தத் தோட்டாவின் பிரைமர் சரியாக உட்கார்ந்திருந்தது. ஜக்தீஷ் துவக்கின் கைப்பிடியைக் கழற்றினான். உள்ளே, சுத்தியலுக்கு விசை கொடுக்கும் ஸ்பிரிங்கை இறுக்கி வைக்கிற ஒரு சின்னத் திருகாணி. அது தளர்ந்திருந்தது.

"தானாகக் கழலவில்லை" என்றான். ஆணியின் தலையில் புதிதாகக் கீறல். "விசையை இழுக்க இலேசாக இருக்கட்டும் என்று யாரோ தளர்த்தியிருக்கிறார்கள்."

யாரோ. துவக்கை வைத்துப் பூட்டும் பெட்டியின் திறப்பு கணவன் மனைவி இரண்டு பேரிடம்தான் இருக்கிறது. செல்வநாயகியின் மோதிரம் கொஞ்ச நாளாகக் கழுத்துச் சங்கிலியில் தொங்குவது சற்குணத்தின் ஞாபகத்துக்கு வந்தது. "மெலிஞ்சிட்டன், கழண்டு விழுந்திடும்" என்றிருந்தாள். அவள் மெலியவில்லை. விரல் மூட்டு வீங்கியிருக்கிறது. விசையை இழுக்க அந்த விரலுக்கு நோகிறது. அதையும் சொல்லவில்லை.

புளி மட்டும் என்றால் வெடித்திருக்கும். ஆணி மட்டும் என்றாலும் அநேகமாய் வெடித்திருக்கும். இரண்டும் சேர்ந்தபோதுதான் அத்தனை டிக்.

ஜக்தீஷ் ஆணியை இறுக்கப் போனான். சற்குணம் அவன் கையைப் பிடித்தார்.

"விடு. இறுக்கினா முதல் இழுவையிலயே அவளுக்குத் தெரிஞ்சிடும். விரலும் தாங்காது. வித்துப்போடுவாள்."

"இறுக்காவிட்டாலும் டிக் என்னும். அப்போதும் விற்பாள்."

"மெல்லத் தட்டினாலும் வெடிக்கிற பிரைமர் இல்லையோ?"

இருக்கிறது. சில கம்பனிப் பிரைமர்கள் மென்மையானவை. ஆனால் கடைகளில் தட்டுப்பாடு. சற்குணம் வியாழனும் வெள்ளியும் ஆக்லாந்தைச் சல்லடை போட்டார். கடைசியில் யாரோ ஒரு கிழவரின் கராஜிலிருந்து ஒரு பெட்டி கிடைத்தது. அதைக் கொண்டு, தன் மனைவி மறைத்த விரலுக்கு அளவாகத் தோட்டா கட்டினார். ஆணியைத் தொடவில்லை.

ஞாயிறு. டும், டும், டும். ஒன்றுகூடத் தவறவில்லை. புளிக் கதையைக் காரிலேயே அவளிடம் ஒப்புக்கொண்டிருந்தார் சற்குணம்.

"பாத்தியளே!" என்று செல்வநாயகி துள்ளினாள். "எல்லாம் உங்கட புளி! ஜக்தீஷ், இந்த மனிசன் தோட்டாவில ரசம் வைச்சிருக்கிறார்!"

கழகம் முழுக்கச் சிரித்தது. முழுப் பழியையும் மாலை போலப் போட்டுக்கொண்டு நின்றார் சற்குணம். திரும்பும் வழியில், ஒடாஹுஹுவில், "அந்த நாளையில…" தொடங்கியது.

6

முடிவுகள்.

அ) அவளுக்கு எதுவும் தெரியாது. பிரைமர்ப் பெட்டி தீரும்வரை சுகமாக இருக்கிறார்கள்.

ஆ) ஒருநாள் அவரே சொல்லிவிடுகிறார், அவள் — இல்லை. அந்த மனிதர் சொல்ல மாட்டார்.

இ) இதை நான் எழுதவில்லை, போனில் வந்தது. நேற்று செல்வநாயகி எடுத்தாள்.

"அண்ணை, எங்களைப் பற்றி எழுதிறியளாம். புளியை எழுதுங்கோ, நல்லாச் சிரிப்பினம். ஆணியை எழுதாதேங்கோ."

நான் அவளிடம் ஆணியைப் பற்றி வாயே திறந்ததில்லை.

"ஆணி கழண்டபடி கிடக்கு, ஆனா எல்லாம் வெடிக்குது. எனக்கு விளங்காதோ? அந்த மனிசன் எனக்கு ஒளிச்சு வைச்சிருக்கிற சந்தோசத்தில திரியிறார். அதைக் கெடுத்துப்போடாதேங்கோ. சத்தியம் பண்ணுங்கோ."

பண்ணினேன். இப்போது என்னிடம் இரண்டு சத்தியங்கள்.

வெள்ளிக்கிழமை மண்டபத்தில் அவர்கள் முன்வரிசையில், பக்கத்துப் பக்கத்துக் கதிரைகளில் இருப்பார்கள். புளிவரை வாசிப்பேன். சபை சிரித்து முடியும். நான் தண்ணீர் குடிப்பேன். அடுத்த தாள் என் கையில் இருக்கும். சற்குணம் என்னை முறைப்பார், செல்வநாயகியும் முறைப்பாள், ஒருவர் முறைப்பதை மற்றவர் காணாமல். நீங்கள் பின்வரிசையில் இருக்கிறீர்கள். எல்லாம் தெரிந்தவர் அங்கே நீங்கள் ஒருவர்தான். தலையசைத்தால் வாசிக்கிறேன். கை தட்டினால் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிடுகிறேன்.

கிளாசில் தண்ணீர் முடியப்போகிறது. கெதியாகச் சொல்லுங்கள்.