நாமா, நாங்களா?

அவளுக்குக் கேள்விக்குறி என்று பட்டப்பெயர் வைத்தவன் அவள் புருஷன்தான். எதையும் இரண்டு தடவை கேட்காமல் விடமாட்டாள். அப்பேர்ப்பட்டவள், கேட்க வேண்டிய ஒன்றைக் கேட்காமல் வந்து நின்றாள்.

தாவரவியல் மேற்படிப்புக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நேர்முகம். குடிவந்த நாட்டின் பாஷையில் தட்டுத்தடுமாறிப் பதில் சொன்னாள். அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் பேராசிரியை பிழை திருத்தினார். கடைசியில் கைகுலுக்கி, "திங்கட்கிழமை ஆரம்பிக்கிறோம்" என்றார்.

யார் ஆரம்பிக்கிறார்கள்? நாமா, நாங்களா? இந்தப் பாஷையில் இரண்டுக்கும் ஒரே சொல். என்ன சிக்கனமோ! எதிரே நிற்பவர் சேர்த்தியா இல்லையா என்று சொல்லாமலே இவர்கள் எப்படித்தான் குடித்தனம் நடத்துகிறார்களோ.

"அங்கயே கேட்டிருக்கலாம்ல?" என்றான் புருஷன். "உப்பு போட்டியான்னு என்னை மட்டும் பத்து தடவ கேக்குற."

"நாக்கு ஒட்டிக்கிச்சு. இனிமே ஆபீஸே திங்கக்கிழமைதான் திறப்பாங்க."

அன்றைக்குத்தான் ஓட்டல் சலவைக்கூடத்தில் அவளுக்குக் காலை ஷிப்ட். வராதவளுக்கு வேலை இல்லை என்று சூப்பர்வைசர் கறாராகச் சொல்லியிருந்தார். அதை விட்டுவிட்டுப் பேராசிரியையிடம் போய், அவர் நீ யாரம்மா என்று கேட்டுவிட்டால் உள்ளதும் போச்சு.

"போயிட்டு வா. தொரத்துனா நாம பாத்துக்கலாம்" என்றான் அவன். அந்த 'நாம'வில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

திங்கட்கிழமை ஆய்வுக்கூட வாசலில் தயங்கி நின்றாள். பேராசிரியை பக்கத்து மேசை நுண்ணோக்கியைக் காட்டினார். அவள் படித்த கல்லூரியில் இருந்தது ஒரே ஒரு நுண்ணோக்கி, அதையும் அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார்கள்.

குனிந்தாள். நீர்ச்செடியின் இலை ஒன்று. செங்கல் அடுக்கினாற்போல் அறைகள். ஒவ்வொன்றிலும் பச்சை மணிகள் சுவரோரமாக ஊர்ந்துகொண்டிருந்தன. புத்தகப் படத்தில் அவை நகர்ந்ததே இல்லை. அசையாமல் கிடக்கிற இலைக்குள் இத்தனை நடமாட்டமா? மலைத்துப்போனாள். மூச்சுவிட்டால் கலைந்துவிடுமோ என்று பயமாகக்கூட இருந்தது. சலவைக்கூடம், சூப்பர்வைசர், நாமா நாங்களா, எல்லாம் மறந்தே போயின.

தாமதமாக ஓடிவந்த ஒரு மாணவன் அவளிடம் கேட்டான்: "ஆரம்பிச்சிட்டாங்களா?"

கண்ணை எடுக்காமலே, அவன் பாஷையிலேயே சொன்னாள்: "ஆரம்பிச்சிட்டோம்."

பேராசிரியை பக்கத்தில்தான் நின்றிருந்தார். திருத்தவில்லை.