கெரின் போட்டிருந்த சட்டை

வாரம்புல் என்ற சிற்றூரில் யாராவது புதிதாக எதையாவது தொடங்கினால், அது எப்போது மூடப்படும் என்பதைப் பேக்கரி வாசலிலேயே முடிவு செய்துவிடுவார்கள். கிளெனிஸ் ஹாதர்லி நகராட்சி வேலையை விட்டுவிட்டு அப்ரண்டிஸ் சங்கம் தொடங்கியபோது, கிறிஸ்துமஸ் வரை கெடு கொடுத்தார்கள். அதையும் தாண்டிவிட்டாள். சிலருக்கு அதில் வருத்தம்தான்.

விஷயம் இவ்வளவுதான். ஊரில் எந்தப் பட்டறைக்கும், தொழில் பழக வரும் ஓர் அப்ரண்டிஸை நாலு வருஷம் தனியாக வைத்துக்கொள்ளத் தெம்பில்லை. அதனால் சங்கமே அவர்களை வேலைக்கு எடுத்து, சம்பளம் கொடுத்து, பட்டறை பட்டறையாக முறைவைத்து அனுப்பும். ஒரு இடத்தில் வேலை வறண்டால் இன்னோர் இடம். ஆனால் அரசாங்கம் பதிவு செய்தால்தான் மானியம் வரும். பதிவு கிடைக்காவிட்டால் ஜூனோடு கதவைச் சாத்த வேண்டியதுதான். நகராட்சியில் கிளெனிஸின் நாற்காலியில் இப்போது வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள்.

பதிவுக்கு முன் பார்வையிட நகரத்திலிருந்து அரசாங்க அதிகாரி வூலா பெட்ராகிஸ் வந்தாள். கோப்புகளைப் புரட்டினாள், தலையாட்டினாள்.

"எல்லாம் ஒழுங்கா இருக்கு. ஒரு பட்டறையப் பாக்கலாமா?"

கிளெனிஸ் அவளை டெஸ் பாம்ஃப்ரியின் டிராக்டர் பட்டறைக்குத்தான் அழைத்துப் போனாள். வேறு எங்கே போவது? டெஸ் சங்கத்தின் தலைவர். தவிர, மனைவியைக் கொண்டு ஸ்கோன் என்ற குட்டி ரொட்டிகளைச் சுடவைத்து, ஜாமும் கிரீமும் தயாராக வைத்திருந்தார்.

அங்கேதான் கெரின் இருந்தாள். இரண்டு பிள்ளைகளின் தாய். இறைச்சி ஆலை மூடியபின் மெக்கானிக் வேலை கற்க வந்தவள். நீலச் சட்டையின் முதுகில் மஞ்சள் எழுத்தில் 'பாம்ஃப்ரி டீசல்'. கிளெனிஸ் அந்தச் சட்டையைத் தெருவில் தினமும்தான் பார்க்கிறாள். பக்கத்தில் வூலா நின்றபோதுதான் அதைப் படித்தாள்.

"சட்டை நல்லா இருக்கே. யாரு குடுத்தா?" என்றாள் வூலா.

"டெஸ்."

"வேலை யாருகிட்ட பாக்கறீங்க?"

"டெஸ்கிட்டதான்," என்றாள் கெரின், அதில் என்ன சந்தேகம் என்பதுபோல.

டெஸுக்குப் பூரிப்பு. "எங்க வீட்டுப் பொண்ணு மாதிரிம்மா. பிரேக்னா இவ கைதான். வேற ஒருத்தனத் தொட விடமாட்டேன்."

"வேற என்னல்லாம் கத்துக்கிட்டீங்க?"

கெரின் டெஸைப் பார்த்தாள். "முன் பிரேக்," என்றாள். கொஞ்சம் யோசித்து, "பின் பிரேக்."

வூலா கிளெனிஸை வெளியே அழைத்து வந்தாள். "கியர்பாக்ஸ் எங்க கத்துக்குவாங்க?"

"எதிர்ல. மெர்வ் டக்வெல் பட்டறைல."

"அப்புறம் ஏன் இன்னும் அனுப்பல?"

ஊருக்கே தெரிந்த காரணம்தான். கால்பந்து கிளப்பில் சாசேஜ் சுடுவதற்கு மெர்வ் ஒருமுறை டெஸின் பார்பெக்யூ தட்டை இரவல் வாங்கினார். தேய்க்காமல் திருப்பிக் கொடுத்தார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. மெர்விடம் இடமில்லை என்று கிளெனிஸ் சொல்லியிருக்கலாம். ஆனால் மெர்வ் தேநீர்க் கோப்பையோடு, எல்லாம் கேட்கும் தூரத்தில், காலியான தன் பட்டறை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

கெரினை அனுப்பாவிட்டால் பதிவு கிடைக்காது. அனுப்பித் தலைவரைப் பகைத்தால் பாதிப் பட்டறைகள் அவர் பின்னால் போய்விடும். பதிவு கிடைத்தும் என்ன பயன்? ஒரு ஸ்கோன் ஆறும் நேரம் கிளெனிஸ் அங்கேயே நின்றாள். பிறகு உள்ளே போனாள்.

"டெஸ், திங்கக்கிழமைலேர்ந்து கெரின் மெர்வ்கிட்ட போறா."

"எந்த மெர்வ்?" ஊரில் ஒரே மெர்வ்தான்.

"எதிர்ல நிக்கிறவரு."

"நான் தலைவரு, கிளெனிஸ்."

"தலைவர்தான். ஆனா அவளுக்கு முதலாளி சங்கம். நீங்க இரவல் வாங்கியிருக்கீங்க, அவ்வளவுதான்."

"இரவலா? அவன் வாங்குன இரவல் எந்த லட்சணத்துல திரும்பி வந்துச்சுன்னு உனக்குத் தெரியாது?"

"நான் ஒண்ணும் தட்டு இல்ல, டெஸ்," என்றாள் கெரின். கையைத் துடைத்துக்கொண்டே, "கியர்பாக்ஸ் கத்துக்கணும். நீங்க நல்லா பாத்துக்கிட்டீங்க, அதான் கேக்க வாய் வரல."

வூலா எதையும் எழுதிக்கொள்ளவில்லை. இன்னொரு ஸ்கோனை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். பேக்கரி வாசலில் புதுக் கெடு வைத்தார்கள்.

திங்கட்கிழமை கெரின் அதே சட்டையோடு தெருவைக் கடந்தாள். வேலைக்கென்று அவளிடம் வேறு சட்டை இல்லை. மெர்வ் அதைக் கவனிக்காதவர்போல ஒரு கியர்பாக்ஸைக் காட்டினார். ஆனால் வந்த வாடிக்கையாளர்கள் எல்லாம், மெர்வ் பட்டறையை டெஸ் வாங்கிவிட்டாரா என்று கேட்டுவிட்டுத்தான் போனார்களாம்.

மத்தியானம் டெஸ் கிளெனிஸின் அலுவலகத்துக்கு வந்தார். ராஜினாமாதான் என்று நினைத்து அவள் நாற்காலியைக் காட்டினாள். அவர் உட்காரவில்லை.

"அவன் கொட்டகைல என் பேரு நடமாடுது. சங்கத்துக்குன்னு ஒரு சட்டை கிடையாதா?"

"இல்ல."

"தைக்கச் சொல்லு. அடுத்து எனக்கு அனுப்புற ஆளுக்கும் அதையே போட்டு அனுப்பு."

"உங்களுக்கு ஆள் வேணுமா?"

"பின்ன பிரேக்க யாரு பாக்கறது, மெர்வா?" என்றவர் வாசல்வரை போய்த் திரும்பினார். "அவ எப்படி இருக்கா அங்க?"

"போய்க் கேளுங்களேன். தெருவத் தாண்டினா போச்சு."

"கேக்கலாம்," என்றார் டெஸ். ஆனால் தன் பட்டறை இருக்கும் பக்கத்து நடைபாதையிலேயேதான் திரும்பிப் போனார்.

பதிவு கிடைத்த செய்தியை வூலா தொலைபேசியில் சொன்னபோது, புதுச் சட்டைகள் மேசைமேல் வந்திறங்கியிருந்தன. சாம்பல் நிறம். முதுகில் சங்கத்தின் பெயர். அந்த நிறம் யாருக்குமே எடுப்பாக இல்லை என்று பேக்கரி வாசலில் ஏகமனதாக முடிவானது. சங்கத்தை எப்போது மூடுவார்கள் என்பதைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை.