மூலைச் சட்டி

1957ஆம் ஆண்டு மார்கழி வெள்ளம் மட்டக்களப்பு முழுவதிலும் பதினோரு நாளில் வடிந்தது. புளியந்தீவில், வாவிக் கரையோரம், பீற்றிஸ் வீட்டுப் பின்வளவிலிருந்த பன்னப் பந்தலுக்குள் மட்டும் அது இருபது வருஷம் நின்றது. பந்தல் என்றால் பெரிய கட்டடம் ஒன்றுமில்லை. நாலு பக்கமும் கமுகஞ் சலாகை அடித்து, மேலே கிடுகு வேய்ந்த, பத்தடிக்கு எட்டடி நிழல்கூடு. சலாகைக்கும் சலாகைக்கும் நடுவே பூனை நுழைந்து போகலாம். ஆனால் அந்த இடைவெளிகளால் ஒரு சிரட்டைத் தண்ணீர்கூட வெளியே வரவில்லை. முழங்காலுக்குச் சற்றுக் கீழே, செம்மண் கலங்கலாக, வாழைச் சருகும் யாருடையதோ ஓர் ஓலைப்பெட்டி மூடியும் மிதக்க, வெள்ளம் அதே மட்டத்தில் நின்றது. சித்திரை வெயிலில் முற்றத்து மணல் காலைச் சுடும்போதும் பந்தலுக்குள் போனவர்கள் நனைந்த காலோடுதான் திரும்பினார்கள். சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் நுளம்பு பெருகும் என்று இரண்டு தடவை வந்து பார்த்தார். நுளம்பு ஒன்றையும் காணாததால், எழுத எதுவுமில்லை என்று தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

பெரணிச் செடியைப் பன்னம் என்பது படித்தவர்கள் வாயில் வருகிற சொல். பீற்றிஸ் வீட்டில் அதற்குப் பெயர் பேர்ண். மணலும் வெயிலும் உவர்க் காற்றும் உள்ள ஊரில் அதை வளர்ப்பது சுத்த வீம்பு, அவளுக்கோ வீம்பு கொஞ்சம் கூடத்தான். உடைத்த செங்கல், அடுப்புக்கரி, காய்ந்த தேயிலைச் சக்கை, ஆலமரத்தடியில் அள்ளிய இலைமக்கு, இவ்வளவையும் கலந்து சட்டி நிரப்புவாள். கோடையில் கிணற்றுத் தண்ணீர் உவர்க்கும் என்பதால், மாரியில் பீலி வைத்துப் பிடித்த மழைத் தண்ணீரைச் சாடிகளில் மூடி வைத்து அதைத்தான் ஊற்றுவாள். பன்னம் பூக்காது, காய்க்காது. இலையின் பின்புறத்தில் கபில நிறப் பொடி வரிசை வரிசையாகக் கட்டும், அதுதான் அதன் வித்து. புதிதாகப் பார்க்க வரும் பெண்கள் பூச்சி பிடித்துவிட்டது என்று இரங்கி, சேலைத் தலைப்பால் அதைத் துடைத்துவிடுவார்கள். அப்படித் துடைத்தவர்களைப் பீற்றிஸ் மறுபடி பந்தலுக்குள் விட்டதில்லை. எல்லாவற்றிலும் மேலாக அவள் கொண்டாடியது மூலைச் சட்டியை. கறுத்த மயிர்போல மெல்லிய காம்பும், காசளவு இலையும் கொண்ட பன்னம் அது. தபால் கந்தோரில் வேலை பார்த்த அவள் புருஷன் நோபேட், பண்டாரவளையிலிருந்து மாற்றலாகி வந்தபோது, ஈரப் பாசியில் சுற்றி, ரயில் நெடுக மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தது. வாவிப் பக்கத்து மூலைதான் குளிர்ச்சி என்று அங்கே ஒரு கல்லின்மேல் வைத்தாள். ஒவ்வொரு நத்தாருக்கும் மாதா கோயில் பாலன் குடிலுக்கு அந்தச் சட்டிதான் போகும். குடிலைப் பார்க்க வந்தவர்கள் பாலனைப் பார்த்ததைவிடப் பேர்ணைப் பார்த்ததுதான் அதிகம் என்று ஊரில் கேலி பண்ணுவார்கள். அந்தக் கேலி அவளுக்குத் தேனாக இனித்தது.

வெள்ளம் வந்தது நத்தாருக்கு முதல்நாள் காலை. அன்றைக்கு ஒவ்வொரு வீட்டிலும் எதை முதலில் தூக்கினார்கள் என்பதை ஊர் இன்னும் சொல்லும். ஒரு வீட்டில் விதைநெல், ஒரு வீட்டில் தையல் மெசின், ஒரு வீட்டில் அந்தோனியார் சுரூபம். பீற்றிஸ் மூன்று வயது மகள் லூர்துவை இடுப்பில் வைத்துக்கொண்டு குசினிப் படியில் நின்றாள். நோபேட் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தலுக்குள் இறங்கி, "பீற்றிஸ், எந்தச் சட்டியத் தூக்கிற?" என்று கேட்டார். அவள், "மூலைச் சட்டிய" என்றாள். மூலைக்குப் பின்னால் வாவி கரையை அரித்துவிட்டிருந்தது இருவருக்கும் தெரியாது. நேரம் காலை பத்தேகால். அரை மங்கள வார்த்தை செபம் சொல்லி முடிக்கிற நேரத்துக்குள், காலடி நிலம் விலகி, எல்லாம் நடந்து முடிந்தது. மூன்றாம் நாள், அமிர்தகழிப் பக்கம் கண்டல் வேர்களுக்குள் செருகிக் கிடந்த சட்டியை மீன்பிடிக்கப் போன ஒருவர் கண்டெடுத்துக் கொண்டுவந்து, பழைய மூலையிலேயே வைத்துவிட்டுப் போனார். உப்புத் தண்ணீரில் மூன்று நாள் கிடந்தும் பன்னத்தில் ஓர் இலை வாடவில்லை. நோபேட் கிடைக்கவில்லை. கோயிலுக்குள் அகதிகளும் கோழிகளும் நிறைந்திருந்ததால் அந்த வருஷம் குடிலே கட்டவில்லை. குடிலுக்காக உயிர் கொடுத்தவர் என்று பங்குச் சுவாமி பிரசங்கத்தில் நோபேட்டைப் புகழ்ந்தபோது, தானாகவே போனார் என்று தான் சொல்லிவைத்த பொய்யைப் பீற்றிஸ் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஊர் வெள்ளம் வடிந்ததற்கு மறுநாள் காலை பத்தேகாலுக்கு, யாரோ கால் வைத்து நடப்பதுபோலப் பந்தல் வாசலிலிருந்து, சட்டிகள் அடுக்கிய நடுத்தட்டு வரைக்கும் தண்ணீர் அலைந்தது. அலை நின்றது. "பீற்றிஸ், எந்தச் சட்டியத் தூக்கிற?" என்று நோபேட்டின் குரல், கொஞ்சம் அவசரமாக, கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டது. பீற்றிஸ் வாயைத் திறந்தாள், உடனே இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். அடுத்த நாளும் அதே நேரம் அதே கேள்வி. அக்கம்பக்கத்தார் வந்தார்கள். தபால் கந்தோர்ப் பெரியவர் வந்து, "நோபேட், வாரும் வெளியில" என்று அதிகாரமாகச் சொல்லிப் பார்த்தார். சுவாமி தீர்த்தம் தெளித்துச் சொல்லிப் பார்த்தார். அந்தக் குரலுக்கு வேறு யாருடைய பேச்சும் கேட்கவில்லை, அது பீற்றிஸைத்தான் கேட்டது. ஒரு மாதத்தில் ஊருக்குப் பழகிவிட்டது. பக்கத்து வீட்டில் பென்சன் எடுத்தவர் அந்தக் குரலுக்குத் தன் கைக்கடிகாரத்தைத் திருத்துவார், கோயில் மணியைவிட அது சரி என்பார். பீற்றிஸுக்கு மட்டும் பழகவில்லை. தன் வாயிலிருந்து வந்த ஒரு சொல் ஒரு மனிதனைக் கொன்றது என்பதை அவள் அறிவாள், அந்த வாயை அவளால் நம்ப முடியவில்லை. அதனால் தினமும் பத்து மணியடித்ததும் ஒரு மிடறு மழைத் தண்ணீரை வாய் நிறைய எடுத்துக்கொண்டு பந்தல் வாசலில் நிற்பாள். கேள்வி வந்து அடங்கியதும், வாயில் சூடேறிய அந்தத் தண்ணீரைக் குஞ்சுப் பன்னங்கள்மேல் ஊதித் தெளிப்பாள். அப்படி வளர்ந்த பன்னங்கள் ஆளுயரத்துக்கு வந்தன. பார்க்க வந்தவர்கள் வாய்பிளந்தார்கள். மூலைச் சட்டிப் பன்னம் வளர்ந்து மூலை முழுவதையும் மறைத்தது. அதன் கிட்டே அவள் ஒருநாளும் போனதில்லை, நாலு முழம் தள்ளி நின்றுதான் பூவாளியால் தெளிப்பாள்.

நோபேட்டை என்ன கணக்கில் சேர்ப்பது என்பது ஒருவருக்கும் பிடிபடவில்லை. தினமும் கதைக்கிற மனிதனுக்கு மரண அத்தாட்சி கொடுக்கப் பதிவுகாரர் மறுத்தார். மரித்தோர் நாளன்று வாசிக்கிற பெயர்ப் பட்டியலில் சுவாமி அவர் பெயரை ஒரு வருஷம் எழுதினார், அடுத்த வருஷம் வெட்டினார். பீற்றிஸ் கறுப்பு உடுத்தவில்லை, பூப்போட்ட சேலையும் உடுத்தவில்லை. சாம்பல் நிறத்திலேயே இருபது வருஷத்தை ஓட்டினாள்.

உள்ளதை அவள் ஒரே ஒருத்திக்குத்தான் சொன்னாள். காத்தான்குடியிலிருந்து பன்பாய் கொண்டுவந்து விற்கும் கைறுன்னிஸாவுக்கும் பன்னத்தில் பைத்தியம். பாய்க்குப் பதிலாகச் சட்டி வாங்கிப் போகிற அளவுக்குப் பைத்தியம். 1966இல் ஒருநாள் கேள்வி வந்து அடங்கிய பிறகு அவள் பொறுக்கமாட்டாமல் கேட்டாள்.

"என்ன புள்ள இது? கேட்டுக்கிட்டு நிக்கிற மனிசனுக்கு மறுமொழி சொல்லாம வாயில தண்ணிய வெச்சிக்கிட்டு நிக்கிறாய்?"

"நான் சொன்ன மறுமொழிதான்கா அவர விழுத்தினது. மூலைச் சட்டியெண்டு சொன்னது நான்."

கைறுன்னிஸா, விற்க விரித்த பாயிலேயே உட்கார்ந்தாள். பிறகு, "அப்ப வேற ஒண்டச் சொல்லு" என்றாள்.

"வேற ஒண்ட இப்பச் சொல்லலாமெண்டா, அண்டைக்கும் சொல்லியிருக்கலாம்தானே" என்று பீற்றிஸ் அழுதாள். "சொல்லிப்போட்டா மறுகா கேக்கமாட்டார். கேக்காட்டி அவர் இல்லகா."

கைறுன்னிஸா தன் முக்காட்டால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். பாயைச் சுருட்டிக்கொண்டு, அன்றைக்குச் சட்டி எதுவும் கேட்காமல் பஸ் ஏறினாள்.

லூர்து அந்தக் குரலோடு வளர்ந்தாள். தகப்பனின் முகம் அவளுக்கு ஞாபகமில்லை, அவர் கேட்கிற நாலு சொல்தான் அவளுக்குத் தகப்பன். படித்து ஆசிரியையானாள். 1977இல், தேற்றாத்தீவிலிருந்து பற்றிக் என்ற ஆசிரியர் அவளை விரும்பிக் கேட்டுவந்தார். பற்றிக்கின் தாய் செபஸ்தியம்மா சாமர்த்தியக்காரி. பலகாரம் சாப்பிட்டு, பெண்ணைப் பிடித்துப்போய், தலையாட்டப் போகிற நேரம் பார்த்துப் பின்வளவில் குரல் கேட்டது. செபஸ்தியம்மா பயப்படவில்லை. எழுந்து போய்ப் பந்தலைப் பார்த்தாள், பன்னங்களை மெச்சினாள், திரும்பி வந்து உட்கார்ந்து, "கோவிக்காதீங்க, தகப்பன்ட குரல் கேக்குது. அவர்ட சம்மதம் இல்லாம நாங்க எப்புடிப் பொண்ணெடுக்கிற? ஒண்டு, அவர் இல்லையெண்டு எழுதித் தாங்க. இல்லாட்டி அவர் வாயால ஓமெண்டு சொல்லச் சொல்லுங்க" என்றாள். இரண்டும் பீற்றிஸால் ஆகிற காரியமில்லை. சுவாமியும் கையை விரித்தார். தகப்பன் பெயருக்கு முன்னால் என்ன எழுதுவது என்று தெரியாமல் கோயிலில் கலியாண அறிவிப்பு ஓலை வாசிக்க முடியாது என்றார். ஆறு மாதம் இழுபட்டது. காத்திருக்கிறேன் என்று பற்றிக் எழுதிய கடிதங்கள் வரவரக் குறுகின. மகளின் வாழ்க்கை தன் வாய்க்குள் கிடக்கிறது என்று பீற்றிஸுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் தினமும் பத்து மணிக்குத் தண்ணீரை எடுத்தாள். பெற்ற பிள்ளைக்குச் செய்கிற துரோகம் இது என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டுதான் எடுத்தாள்.

பதினொரு வருஷம் வாயைக் கட்டிவைத்திருந்த கைறுன்னிஸா, அந்த மார்கழியில் லூர்துவின் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளதைச் சொல்லிவிட்டாள். லூர்து அழவில்லை, கோபிக்கவுமில்லை. கணக்குப் படிப்பிக்கிறவள் அல்லவா, ஒரு முடிவுக்கு வந்தாள். மூலையில் சட்டி இருப்பதால்தான் கேள்வி இருக்கிறது, சட்டியைத் தூக்கி வாவியில் எறிந்தால் கேட்பதற்கு ஒன்றுமில்லை. தாய் விடமாட்டாள். ஆகவே, தாய் வாய் திறக்க முடியாத நேரம் ஒன்று தினமும் உண்டே, அதைத் தெரிந்தெடுத்தாள். பீற்றிஸ் வாய் நிறையத் தண்ணீரோடு வாசலில் நிற்க, லூர்து அவளை விலக்கிக்கொண்டு சேலையைத் தூக்கிச் செருகி வெள்ளத்துக்குள் இறங்கினாள். பீற்றிஸ் கையை ஆட்டினாள், தலையை ஆட்டினாள், தொண்டைக்குள் என்னென்னவோ சத்தம் போட்டாள். லூர்து திரும்பிப் பார்க்கவில்லை. நேரே மூலைக்குப் போய், பன்னத்துக்குள் தலையைக் கொடுத்து, சட்டியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தாள்.

நிலம் இருபது வருஷத்துக்கு முன் விலகியதுபோலவே விலகியது. லூர்து இடுப்பு வரைக்கும் போனாள், பிறகு கழுத்து வரைக்கும். பன்ன இலைகளுக்கு நடுவே ஒரு கை மட்டும் தெரிந்தது. அந்த நேரத்தில் வாசலிலிருந்து தண்ணீர் அலைந்து வந்து நடுத்தட்டருகே நின்றது.

"பீற்றிஸ், எந்தச் சட்டியத் தூக்கிற?"

பீற்றிஸ் வாயிலிருந்த தண்ணீரைத் துப்பினாள். "சட்டி வேணாம்! புள்ளையத் தூக்குங்க! நம்மட புள்ளையத் தூக்குங்க!" என்று வாவிக்கு அக்கரையிலும் கேட்கும்படி கத்தினாள்.

இருபது வருஷமாக நடுத்தட்டோடு நின்ற அலை, மூலைப் பக்கம் திரும்பி நாலு எட்டில் போய்ச் சேர்ந்தது. லூர்து தண்ணீருக்கு மேலே வந்தாள். இரண்டு கக்கத்திலும் பிடித்துத் தூக்கிய பாங்கில், ஒரு மனிதனின் நெஞ்சு உயரத்தில், கால்கள் தொங்க, பந்தலைக் கடந்து, தாயைக் கடந்து, முற்றத்தைக் கடந்து வந்து, குசினிப் படியில் இறக்கி வைக்கப்பட்டாள். மூன்று வயதுப் பிள்ளையை இறக்குவது மாதிரி, முதலில் பாதம் ஊன்றுகிறதா என்று பார்த்து, பிறகுதான் பிடி விட்டது. இருபத்துமூன்று வயது ஆசிரியை படியில் உட்கார்ந்து இருமினாள். பந்தலுக்குள் நின்ற வெள்ளம் சலாகை இடைவெளிகளால் அவசரமில்லாமல் வெளியேறி, மூலைச் சட்டியையும் உருட்டிக்கொண்டு வாவியில் சேர்ந்தது. அடுப்பில் ஒரு கேத்தல் தண்ணீர் கொதிக்கிற நேரத்தில் பந்தலில் வெறும் சேறுதான் மிச்சம்.

மறுநாள் பத்தேகாலுக்குப் பீற்றிஸ் வெறும் வாயோடு வாசலில் நின்றாள். பதினொரு மணி வரைக்கும் நின்றாள். யாரும் கேட்கவில்லை. அதன் பிறகுதான் அவள் புருஷனுக்காக அழத் தொடங்கினாள், சத்தம் போட்டு, மாரில் அடித்து, தெருவெல்லாம் கூடும்படி அழுதாள். இருபது வருஷம் பிந்திய செத்தவீட்டுக்கு ஊர் முறைப்படி வந்து, கோப்பி குடித்துப் போனது. பக்கத்து வீட்டுப் பென்சன்காரர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார். மூலைச் சட்டியென்று சொன்னது தான்தான் என்பதைப் பீற்றிஸ் வந்தவர்களிடம் வாய்விட்டுச் சொன்னாள். சிலர் முகத்தைத் திருப்பினார்கள், பலர் அவள் கையைப் பிடித்தார்கள். கறுப்பு உடுத்தாள். சுவாமி ஓலை வாசித்தார். வெள்ளம் போனதும் பன்னங்கள் ஒவ்வொன்றாகக் கருகின, தப்பியவற்றைக் கைறுன்னிஸா காத்தான்குடிக்கு ஏற்றிப் போனாள்.

லூர்துவின் கலியாணம் 1978 தையில் நடந்தது. அதற்குத் தைத்த வெள்ளைச் சட்டையைத் தையற்காரர் மூன்று முறை மாற்றித் தைத்தும் சரிவரவில்லை. எந்தத் துணி போட்டாலும் அவளுடைய இரு கக்கத்தின் கீழும் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் ஊறியது. பின்பக்கம் நாலு விரல், முன்பக்கம் பெருவிரல் என்று எண்ணிப் பார்க்கலாம். வெயிலில் காயவில்லை, பஞ்சு வைத்தும் நிற்கவில்லை. கோயில் வாசலில் வைத்துச் செபஸ்தியம்மா அதைக் கண்டுவிட்டாள்.

"என்ன மகள் இது, புதுச் சட்டையில?"

"அது அப்பா தூக்கின இடம்" என்றாள் லூர்து.

செபஸ்தியம்மா கையை வைத்துப் பார்த்தாள். குளிர்ந்தது. "அப்ப அவருக்கும் சம்மதம்தான்" என்று சொல்லி, மருமகளின் முக்காட்டை இழுத்துத் தோளில் சரிசெய்து, உள்ளே கூட்டிப் போனாள்.