வலி நின்ற நாள்

“வெரல்ல ஈரத்துணியச் சுத்திக்க கண்ணு. பல்லு மேல மெதுவாத் தொடை, மூணு வாட்டி,” என்றார் பெரியம்மா ஷகிலா. மையத்தைக் குளிப்பாட்டும் பலகையில் உயிரில்லாமல் கிடந்தாள் அவர் தங்கை ரோஷன் பீ. மகள் குல்ஷன் துணியைச் சுற்றிக்கொண்டு அம்மாவின் உதட்டை விலக்கினாள். வீங்கிய தாடை இடம் கொடுக்கவில்லை. முன்பற்களை மட்டும்தான் துடைக்க முடிந்தது. வெற்றிலையே போடாத வாய். பற்கள் பளிச்சென்று இருந்தன. ஆளைக் கொன்றது பின்னாலிருந்த ஒரே ஒரு கடைவாய்ப் பல்.

பத்து நாளுக்கு முன்னால்தான் காரிமங்கலம் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்கு டீச்சர் குல்ஷன் பல்லின் படம் போட்டாள். மேலே எனாமல், உடம்பிலேயே கெட்டியான பொருள், அதற்கு உணர்ச்சி கிடையாது. அதற்குள்ளே டென்டைன்; சொத்தை அதுவரை போனால் கூச்சம். நடுவில் பற்கூழ், நரம்பும் ரத்தக்குழாயும் அங்கேதான், வலியும் அங்கேதான். வேர் தாடை எலும்புக்குள் இறங்கி நிற்கும். பின்பெஞ்சில் உட்கார்ந்து கேட்ட பள்ளி இன்ஸ்பெக்டர் “பேஷ்” என்றார்.

அன்று அம்மாவைத் தர்மபுரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதாக இருந்தது. ஒரு மாதமாகக் கிராம்பைக் கடித்துக்கொண்டு கிடந்தவள், விடிந்ததும் சிரித்தபடி எழுந்து வந்தாள்.

“வலி போன எடம் தெரியல குல்ஷனு. நீ இஸ்கூலுக்குப் போ.”

“நெசமாவா? அப்ப சரியாப்போச்சு. இன்ஸ்பெக்சன் முடியட்டும்மா, பாத்துக்கலாம்.”

ஊருக்கு உபதேசம் செய்யப் போனவளுக்குத் தன் வீட்டு வாய்க்குள் எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. நான்காம் நாள் காய்ச்சல். ஆறாம் நாள் கழுத்துவரை வீக்கம், எச்சில்கூட விழுங்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் குல்ஷனைத் தனியாகக் கூப்பிட்டார். “நரம்பு செத்துப்போச்சும்மா, அதான் வலி நின்னுது. சீழு வேர் வழியா எறங்கிட்டே இருந்திருக்கு. அன்னிக்கே வந்திருக்கலாம்.”

அதை அவள் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. அடக்கம் செய்வதற்குள் அத்தாவிடம் சொல்லிவிட வேண்டும், என்னால்தான் என்று சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தபடி அடுத்த சொம்புத் தண்ணீரை மொண்டாள்.

கபன் துணி சுற்றியானது. மனைவியின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க அத்தா முகம்மது கவுஸ் உள்ளே வந்தார்.

“அத்தா, ஒண்ணு சொல்லணுங்க...”

அவர் காதில் அது விழவில்லை.

“அந்த வலி நின்ன நாளு இருக்கே,” என்றார். “ஒரு மாசத்துக்கு அப்பறம் அன்னிக்கித்தான் வாய் நெறயத் துன்னா. நெய்ச்சோறு ஆக்கி, எனக்கும் போட்டு, அவளும் கறிய மென்னு துன்னா. கண்ணாலமான புதுசுல நான் சந்தையில தொலைஞ்ச கதையச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. அல்லா அந்த ஒரு நாளாச்சும் அவளுக்கு நல்லாக் குடுத்தான். இல்லியாம்மா?”

குல்ஷன் வாயைத் திறந்தாள். பெரியம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆமாங்க அத்தா.”

அவர் தலையாட்டினார். ஆஸ்பத்திரியில் சேர்த்த நாளிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனிதர், மனைவியின் முகத்தருகே குனிந்து உட்கார்ந்து, குழந்தைபோல் அழத் தொடங்கினார். குல்ஷன் அவருக்கு இடம் விட்டுச் சுவரோரம் நகர்ந்து நின்றாள்.