மரக்கட்டை போல் நாலு டயர்

லாரியிலிருந்து இறக்கிய தன் நான்கு புதுப் பனிக்கால டயர்களையும் புருல் விரலால் சுண்டிப் பார்த்தாள். மரக்கட்டையைத் தட்டியதுபோல் 'டொக்' என்றது. பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரிக் குளிரில், இரவு முழுக்கத் திறந்த லாரியில் கிடந்து வந்தவை.

மலையூர் நாரினிலிருந்து தலைநகர் பிஷ்கெக்குக்குப் பதினான்கு வருடமாக வாடகைக் கார் ஓட்டுகிறவள் அவள். பழைய டயர்கள் வழுக்கையாகிவிட்டன. வழியிலிருக்கும் தோலோன் கணவாயில் முந்தின நாள்தான் பனி கொட்டியிருந்தது. பயணிகள் மூவரும் டயர் கடை அடுப்பருகே குந்தியிருந்தார்கள்.

கடைக்காரன் மைராம்பெக் அவள் காரைத் தூக்கி நிறுத்திப் பழைய டயர்களைக் கழற்றி முடித்திருந்தான். "டயரைக் கொண்டா அக்கா, அரை மணியில மாட்டிடறேன்."

"இப்ப மாட்டக் கூடாது, தம்பி. கல்லாட்டம் இருக்கு. உள்ள வச்சு குளிர் விடட்டும். மத்தியானம் ஆகும்."

"மத்தியானமா?" பயணிகளில் ஒருவரான ஆட்டு வியாபாரி ஷார்ஷென் எழுந்தே விட்டார். "ஏம்மா, அங்க சம்பந்தி வீட்ல கறி வேக வச்சிட்டு உக்காந்திருக்காங்க!"

"நல்லா வேகட்டும்ணே. உங்க பல்லுக்கு அதான் நல்லது."

மைராம்பெக் சிரித்துக்கொண்டே தீ கக்கும் காஸ் குழாயை எடுத்து வந்தான். "இவ்ளோதானே? ரெண்டு வீச்சு வீசினா போதும்."

புருல் சிலிண்டரின் திருகை மூடினாள். "மேல கருகும், உள்ள அப்படியே விறைச்சுக் கெடக்கும். டயரை என்ன ரொட்டின்னு நெனச்சியா?"

டயர்களை உள்ளே உருட்டிப் பனியைத் துடைத்தாள். அடுப்பிலிருந்து நாலடி தள்ளி, ஒன்றோடொன்று ஒட்டாமல் நிறுத்திவிட்டு, காரிலிருந்த மூட்டைகளைச் சரிசெய்யப் போனாள்.

மூட்டையில் கை வைத்தபோதே கடைக்குள்ளே டயர் மாட்டும் இயந்திரம் சீறியது. ஓடினாள். ஒரு டயர் மேடையில் ஏறியிருந்தது. மைராம்பெக் கம்பியால் அதன் ஓரத்தை நெம்பிக்கொண்டிருந்தான், ஷார்ஷென் மேலே அழுத்திப் பிடித்திருந்தார். "நிறுத்துடா!" என்று அவள் கத்தவும் 'படக்' என்று சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது. சக்கரத்தைக் கவ்வ வேண்டிய ஓரம் விரல் நீளத்துக்குக் கிழிந்து, உள்கம்பி தெரிந்தது.

"டயரே மட்டம்க்கா," என்றான் மைராம்பெக், முகம் பார்க்காமல்.

"டயர் நல்ல டயர். கைதான் மட்டம். இதே அளவுல ஒண்ணு எடு."

"எங்கிட்ட ஏது?"

"உன் காரும் என் காரும் ஒரே வண்டி. போன வாரம் நீ மாட்டினியே, அதே டயர். ஒரு சக்கரத்தை அப்படியே கழட்டு, ரப்பரைத் தொடவே வேணாம். என்னோட வெறும் சக்கரத்தை நீ வச்சுக்க."

அவன் சிரித்தான். கூடச் சிரிக்க ஆளில்லை. ஷார்ஷென் பையைத் தூக்கிக்கொண்டு வேறு கார் தேடிப் போனார். "என் பங்கையும் சேத்து சாப்பிடுங்கண்ணே!" என்று பின்னாலேயே குரல் கொடுத்தாள். மற்ற இருவரும் அசையவில்லை. அவர்களில் ஒருத்தி, ஊர் மருத்துவமனை நர்ஸ் அய்தாய், "நான் இருக்கேன்க்கா, இவன் என்னதான் செய்றான்னு பாத்துடலாம்," என்றாள்.

புருல் கிழிந்த டயரைக் கடை வாசலின் குறுக்கே கிடத்தி, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள். டயர் மாட்ட வந்தவர்கள் எல்லாம், "என்னாச்சு?" என்றார்கள். "குளிர்ல விறைச்ச டயரை நெம்பி மாட்டினான்," என்று எல்லாரிடமும் ஒரே பதிலைச் சொன்னாள். மூன்றாவது ஆள் கிழிசலைத் தடவிப் பார்த்துவிட்டுத் தன் காரைத் திருப்பிக்கொண்டு போனதும், மைராம்பெக் வாய்க்குள் திட்டியபடி தன் காருக்கடியில் ஜாக்கியை வைத்தான்.

மதியம் மீதி டயர்களைக் கட்டைவிரலால் அழுத்தினாள். ரப்பர் அமுங்கிக் கொடுத்தது. "இப்ப மாட்டு. ரெண்டு ஓரத்துக்கும் சோப்புப் பசை தடவு. காத்து அடிக்கறப்ப மூஞ்சியை மேல நீட்டாத." அவள் கண்முன்னே மூன்றும் முக்காமல் முனகாமல் உட்கார்ந்தன.

"இனிமே இந்தப் பக்கம் வந்துடாத," என்றான் அவன்.

"ஏப்ரல்ல வருவேன், கோடை டயர் மாத்த. அப்பவும் நான் சொல்றபடிதான் மாட்டணும்."

கணவாயின் வளைவுகளில் டயர்கள் பனியைக் கடித்துக்கொண்டு ஏறின. அய்தாய் தூங்கிப்போனாள். புருலுக்கு மட்டும் கோபம் ஆறவில்லை. ஆற வேண்டுமென்று அவள் நினைக்கவும் இல்லை.