வேரில் நின்ற தண்ணீர்

ரங்கூனில் குண்டு விழுந்ததும் எலியாசும் யூனிசும் மகள் ரூத்தைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். அரக்கான் மலைப்பாதையில் தண்ணீர் இல்லை. தண்ணீர் கேட்டுக் கேட்டே குழந்தை அடங்கிப்போனது. அவளைப் புதைத்த இடத்து மரத்திலிருந்து ஓர் ஆர்க்கிட் செடியைப் பிய்த்து யூனிஸ் முந்தானையில் முடிந்துகொண்டாள். சொந்த ஊரான திருத்தணிக்கு அவள் கொண்டுவந்தது அது ஒன்றைத்தான்.

எலியாஸ் ரங்கூனில் ஒரு துரை வீட்டுத் தோட்டக்காரன். மரத்தில் ஒட்டி வளரும் செடிக்கு மண் ஆகாது என்று அறிந்தவன். யுத்தகாலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரி எரித்த புகையில் ஓடியது பள்ளிப்பட்டு பஸ்; அதன் டிரைவரிடம் கரித்துண்டு கேட்டு வாங்கினான். ஓட்டுச்சில்லும் தேங்காய் மட்டையும் சேர்த்து, ஓட்டைச் சட்டியில் செடியை நிறுத்தி, வீட்டுக்குள் ஜன்னலோரம் வைத்தான்.

"கரி நல்லா காஞ்ச பின்னாடிதான் ஊத்தணும், யூனிசு. வேரு மூச்சு வுடணும்."

"ஆங்," என்றாள்.

மறுநாள் அவன் வேலை முடிந்து வந்தபோது சட்டி சொட்டிக்கொண்டிருந்தது.

"எலை சுருங்கிகினு கீதுங்க. பாக்க முடியல."

"வழியெல்லாம் தண்ணி இல்லாமதானே இது உசுரோட வந்துது?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது.

"இது வந்துது," என்றாள் யூனிஸ்.

சித்திரையில் தெருக்கிணறு வற்றியது. தன் பங்குக் குடிநீரையும் அவள் சட்டியில் ஊற்றினாள். அவன் சட்டியை உத்திரத்தில் கட்டித் தொங்கவிட்டான். அவள் உரலைக் கவிழ்த்து ஏறி ஊற்றினாள். வெள்ளையாக இருந்த வேர்கள் பழுப்பாகிக் கொழகொழத்தன. அழுகலை அறுத்து, கரித்தூள் தடவி, புதிய கரியில் நட்டு, மறுபடி ஜன்னலோரம் வைத்தான்.

"கொஞ்ச நாளு கிட்டவே போவாத."

அவள் முயன்றாள். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து பார்த்தாள். ஆனால் ஒரு மத்தியானம் அவன் வந்தபோது, பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிய, குழந்தைக்குப் பாலூட்டுகிற சங்கால் துளித்துளியாக வேரில் விட்டுக்கொண்டிருந்தாள். பிடுங்கியிருக்கலாம். அவனால் முடியவில்லை, வாசலிலேயே நின்றுவிட்டான்.

ஆடி பிறப்பதற்குள் தண்டும் அழுகி, இலை தொட்டதும் கையோடு வந்தது.

"நான் ஊத்துனதாலயா?"

"இல்ல. இந்த ஊரு அனலு ஒத்துக்கல."

அவள் நம்பவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். அடுப்பு மூட்டவில்லை.

கிருத்திகைக்கு மலையேறும் காவடிக் கூட்டம் தெருவில் வந்தது. யாரோ வாசலில் நின்று, "அம்மா, கொஞ்சம் தண்ணி குடும்மா," என்றார்கள். யூனிஸ் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டாள். எலியாஸ் எழுந்து, குடத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான்.