வலப்பக்கம் பார்த்த மீன்

ரிவியரா காரின் வரலாறு எங்கள் வீட்டில் சாப்பாட்டு ஜெபத்துக்கு அடுத்தபடியாக ஒப்பிக்கப்படும். அறுபத்து மூன்றில் பிறந்தது. அறுபத்தைந்தில் முன்விளக்குகளை இமைக்குள் ஒளித்துக்கொண்டது. எழுபத்தொன்றில் படகு மாதிரி வால் முளைத்தது. எண்பத்தாறில் காரைச் சுருக்கினார்கள். வாங்க வந்த கூட்டமும் சுருங்கியது. தொண்ணூற்றொன்பதில் நிறுத்திவிட்டார்கள். அதே வருடம் ஃபிளின்ட்டில் அப்பா வேலை பார்த்த ஆலையையும் மூடினார்கள். அப்பாவை மட்டும் யாரும் நிறுத்தவில்லை. தினமும் காலை ஐந்து மணிக்கு எழுந்து, போவதற்கு இடமில்லாமல் கிளம்பி நிற்பார்.

அப்பாவின் அண்ணன் லீலண்ட், அதே ஆலையில் அறுபத்தைந்தாம் வருடத்து ரிவியராவில் ஒன்பது மாதம் வேலை பார்த்தவர். பின்சீட்டைப் பொருத்தும் முன் அடித்தகட்டைச் சரிபார்த்து, மஞ்சள் மெழுகுக் குச்சியால் ஒரு கோடு போட வேண்டும். மற்றவர்கள் கோடு போட்டார்கள். பெரியப்பா மீன் போட்டார். பிறகு ராணுவத்தில் கூப்பிட்டார்கள். வியட்நாமுக்குப் போனார், வரவில்லை. அவர் எழுதிய கடிதங்கள் தாத்தா வீடு தீப்பிடித்தபோது போயின.

ஆகவே அப்பா இருபது வருடம் பழைய கார்க் கிடங்குகளில் ரிவியராக்களின் பின்சீட்டைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். சில்லறை பொறுக்குகிறார் என்று ஊரில் பேச்சு. கடைசியில் சாகினா பக்கம் ஒரு கோழிக் கொட்டகையில், ஒரு காரின் பின்சீட்டுக்கு அடியில், மீன் இருந்தது. வாங்கி வந்து ஆறு வருடம் புதுப்பித்தார், மீன் இருந்த இடத்தை மட்டும் தொடாமல்.

வேலை முடிந்த ஆகஸ்டில் பழைய கார்ச் சங்கத்துப் போட்டிக்கு விண்ணப்பித்தார். நடுவர்களின் தாளில் 'ஆலைக் குறிகள்' என்று ஒரு கட்டம் உண்டு. அதற்காகத்தான்.

"கோப்பை கீப்பையெல்லாம் வேணாம்டா. அசல்தான்னு ஒருத்தன் பேனாவால எழுதிட்டாப் போதும். லீலண்ட் இங்க வேலை செஞ்சான்னு சொல்ல வேற ஒரு துண்டுத் தாள் கிடையாது."

அழுக்கு இருந்தால் புள்ளி போகும். அதனால் பின்சீட்டைக் கழற்றிப் பின்பகுதியைத் துடைக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார். நான் கல்லூரிப் பத்திரிகைக்கு வாகன நிறுத்தத்தைக் கிண்டலடித்து ஒரு கட்டுரையை மனதுக்குள் எழுதிக்கொண்டே தின்னரில் நனைத்த துணியை ஓட்டினேன். ஒரே இழுப்பு. நல்ல வாக்கியம் ஒன்று கிடைத்த நேரம், துணி மஞ்சளாக இருந்தது.

அந்த வாக்கியம் இப்போது நினைவில்லை.

சொல்லிவிடலாம் என்றுதான் வீட்டுக்குள் போனேன். அப்பா போட்டிக்கான சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். திரும்பிக் கடைக்குப் போய் மஞ்சள் மெழுகுக் குச்சி வாங்கி வந்தேன். மீன் வரையக் குனிந்தபோதுதான் உறைத்தது: அப்பா எனக்கு அதை நூறு முறை காட்டியிருக்கிறார். நூறு முறையும் தலையாட்டியிருக்கிறேன். ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. ஏதோ ஒரு மீனைப் போட்டு சீட்டை மாட்டினேன்.

நடுவர் நார்பர்ட் ஓய்வுபெற்ற பல் டாக்டர். சீட்டைக் கழற்றச் சொல்லி, கடைவாய்ப் பல்லைப் பார்ப்பதுபோல் டார்ச் அடித்துப் பார்த்தார். நல்ல மீன் என்று பாராட்டினார். அப்பாவும் சிரித்துக்கொண்டே குனிந்தார். நிமிர வெகுநேரம் ஆயிற்று.

"இதுக்குப் புள்ளிய வெட்டுங்க," என்றார்.

"ஏன் ஆர்வில்?" என்று அப்பாவைக் கேட்டார் நார்பர்ட்.

"இது அசல் இல்ல."

நார்பர்ட் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். நாற்பத்தோராம் பக்கம். "குறி சரியான இடத்துல, சரியான நிறத்துல இருந்தாப் போதும். யார் போட்டதுன்னு நாங்க கேக்கறதில்லப்பா."

"நான் கேக்கறேன்."

தன் புள்ளியைத் தானே குறைக்கச் சொல்லும் மனிதரை நார்பர்ட் அதுவரை பார்த்ததில்லை போலிருக்கிறது. பரிவோடு அப்பாவின் தோளைத் தட்டி, கட்டத்தில் பேனாவால் 'அசலுக்கு நிகர்' என்று எழுதி முழுப் புள்ளி போட்டார். மாலையில் முதல் பரிசென்று நீல ரிப்பன் வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்; வேறெதற்கும் கை வரவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு அப்பா என் பக்கம் திரும்பினார். கோபமாகப் பேசியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"அண்ணன் இடது கைக்காரன்டா, கர்ட்டிஸ். அவன் மீன் வலப்பக்கம் பாக்கும்."

தின்னரையும் துணியையும் சொன்னேன். கட்டுரையைச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அந்தத் துணி எங்கே என்று மட்டும் கேட்டார். குப்பையில் போட்டதாகவும் செவ்வாய்க்கிழமை வண்டி எடுத்துப் போய்விட்டதாகவும் சொன்னேன். சரி என்று தலையாட்டினார். நான் நூறு முறை ஆட்டியதுபோலவே இருந்தது.

ரிப்பனையும் நடுவர் எழுதிய தாளையும் முன்சீட்டில், என் இடத்தில், வைத்தார்.

"நீ பின்னாடி உட்காரு."

ரிவியராவுக்கு இரண்டே கதவு. முன்சீட்டைச் சாய்த்துக் குனிந்து நுழைந்து உட்கார்ந்தேன். வீடு பதினோரு மைல். அப்பா வானொலியைப் போடவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்க்கவுமில்லை. எனக்கு அடியில் என் மீன் இடப்பக்கம் பார்த்துக்கொண்டு வந்தது.